கயிற்றில் தொங்கும் குப்பி

கொச்சியின் மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்குள் நுழைகிறவர் கண்ணில் பெரிய சாமான்கள்தான் முதலில் படும். வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும் வெண்கல உருளி, யாரோ ஒருவருடைய பூர்விக வீட்டைப் பிரித்தபோது கழன்று வந்த தேக்குத் தூண், ஊறுகாய் மணம் போகாத பீங்கான் பரணி. இவற்றைத் தாண்டி நிமிர்ந்து பார்த்தால், ஜன்னல் கம்பியில் விரல் நீளக் கண்ணாடிக் குப்பி ஒன்று கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கும். உள்ளே முக்கால் அளவு தண்ணீர், அதில் ஒற்றை மணி பிளான்ட் கொடி. ஒரு காலத்தில் அத்தரோ அரிஷ்டமோ இருந்த குப்பி, இன்று பூச்சாடி.

சுற்றுலாப் பயணிகள் இதைப் படம் பிடிக்கிறார்கள். பழைய பாட்டிலைப் புதிதாக்கும் இந்த யோசனை வெளிநாட்டிலிருந்து வந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். இந்த ஊரின் பழைய கதையைப் புரட்டினால் அப்படித் தோன்றாது. கண்ணாடியைக் கட்டித் தொங்கவிடுவது மட்டாஞ்சேரிக்குப் பல நூறு ஆண்டுப் பழக்கம்.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். தமிழில் குப்பி என்றால் சின்னஞ்சிறு சீசா. மருந்துக் குப்பி என்போம், சடையில் வைத்துப் பின்னும் அணிக்கும் அதே பெயர். மலையாளத்தில் அளவு பார்ப்பதில்லை. கள்ளுக்கடைப் பாட்டிலும் குப்பி, பால் பாட்டிலும் குப்பி. உடைந்த துண்டு குப்பிச்சில்லு, கண்ணாடி வளையல் குப்பிவளை. அடுத்த சொல் கயிறு. தேங்காய் நார்க் கயிற்றுக்கு உலகம் வழங்கும் ‘காயர்’ என்ற பெயர் இந்தச் சொல்லிலிருந்து போனதுதான். மூன்றாவது உறி. பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் தயிர்ப் பானையை உத்தரத்தில் தொங்கவிடும் கயிற்றுப் பின்னல். தமிழிலும் உறி, மலையாளத்திலும் உறி. கண்ணன் வெண்ணெய் திருடியது இரு மொழிக்காரர்களுக்கும் ஒரே உறியிலிருந்துதான். இன்று ‘மேக்ரமே’ என்ற பெயரில் காசு கொடுத்து வாங்கும் முடிச்சுத் தொங்கலைப் பாட்டியிடம் காட்டினால், உறி என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்.

இந்தக் கரைக்குக் கண்ணாடி வந்தது கடல் வழியே. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரேயக் கடல் பெரிப்ளஸ்’ என்ற மாலுமிக் கையேடு, மிளகு ஏற்ற முசிறித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் கொண்டுவந்த சரக்குகளைப் பட்டியலிடுகிறது. செம்பு, தகரம், ஈயம் ஆகியவற்றோடு கச்சாக் கண்ணாடியும் அதில் இருக்கிறது. முசிறி இருந்த இடமாகக் கருதப்படும், மட்டாஞ்சேரிக்கு வடக்கே பரவூர் பக்கத்துப் பட்டணம் கிராமத்தில் 2007இல் தொடங்கிய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாட்டு மதுச் சாடித் துண்டுகளோடு ரோமானியக் கண்ணாடிக் கிண்ணங்களின் சில்லுகளும் ஆயிரக்கணக்கில் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் பழைய துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சியின் வாயைத் திறந்துவிட்டது என்பார்கள். மிளகு வணிகமும் கொச்சிக்கு இடம் மாறியது.

தேய்ந்த பொருளை மீண்டும் ஆளுவதற்கும் இக்கரையில் பழைய சாட்சி உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆப்ரகாம் பென் யிஜு என்ற யூத வணிகர் மங்களூரில் வெண்கலப் பட்டறை நடத்தினார். ஏடனில் இருந்த நண்பர்கள் உடைந்த பாத்திரங்களைக் கப்பலில் அனுப்பி, உருக்கி இன்ன அளவில் வார்த்துத் தரும்படி அவருக்கு எழுதினார்கள். கெய்ரோவில் ஒரு யூதக் கோயிலின் காகிதக் கிடங்கில் கிடைத்த கடிதங்கள் இந்தக் கணக்கைச் சொல்கின்றன. காயலான் கடைச் சரக்கு அரபிக் கடலைத் தாண்டி வந்து, புதுப் பாத்திரமாகத் திரும்பிப் போயிருக்கிறது.

மட்டாஞ்சேரியில் தொங்கும் கண்ணாடியைப் பார்க்க வேண்டுமானால் பரதேசி யூதக் கோயிலுக்குத்தான் போக வேண்டும். 1568இல் கட்டப்பட்டது. 1662இல் போர்ச்சுகீசியர் அதைச் சிதைத்தார்கள். கொச்சி டச்சுக்காரர் கைக்கு வந்தபின் 1664இல் மீண்டும் எழுந்தது. தரையில் பதித்த நீலவெள்ளை ஓடுகள் 1762இல் சீனாவின் காண்டனிலிருந்து வந்தவை. வந்தவர்கள் எல்லோரும் குனிந்து அந்த ஓடுகளையே பார்க்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தால் கூரை முழுக்கக் கண்ணாடி. பெல்ஜியத்துச் சரவிளக்குகள், பித்தளையிலும் வெள்ளியிலும் செய்த தொங்குவிளக்குகள், பச்சை, நீலம், சிவப்பு என்று நிறம் மாறும் கண்ணாடிக் குடங்கள்.

எண்ணெய் விளக்காகத் தொங்கும் கண்ணாடிக் கிண்ணத்தின் சூட்சுமம் எளிமையானது. அடியில் தண்ணீர், மேலே ஒரு விரற்கடை தேங்காய் எண்ணெய், அதில் மிதக்கும் திரி. எண்ணெய் தீர்ந்தால் சுடர் தண்ணீரைத் தொட்டு அணையும், கண்ணாடி வெடிக்காது. வெளிச்சம் தண்ணீருக்குள் ஊடுருவிப் பரவுவதால் ஒரு திரி எரிந்தாலும் கிண்ணம் முழுதும் ஒளிரும். திருமறைப் பேழைக்கு முன்னால் அணையாத விளக்கு ஒன்றைத் தொங்கவிடுவது யூதர் மரபு. நம் கோயில்களில் அதற்குத் தூங்கா விளக்கு என்று பெயர். பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல் என்றும் பொருள். அந்தக் கணக்கில் பரதேசிக் கோயிலின் விளக்கு தூங்கும் விளக்காகவும் தூங்கா விளக்காகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது.

யூதர்களின் சிம்ஹத் தோரா திருநாளில் ஒரு காலத்தில் கோயிலின் உட்புறம் பட்டுத் துணியாலும் மல்லிகைச் சரங்களாலும் நிறைந்திருந்தது. மல்லிகை மலபாரின் பங்கு, கண்ணாடி ஐரோப்பாவின் பங்கு, எரியும் எண்ணெய் பக்கத்துத் தோப்பின் பங்கு. கயிற்றில் ஆடும் கண்ணாடியில் பூவைச் சேர்த்துப் பார்க்கும் ரசனை இந்தத் தெருவுக்கு எப்போது வந்தது என்று கேட்டால், இந்தக் கூரையைக் காட்டிவிடலாம்.

விளக்கின் கதை செல்வர் கதை. பாட்டிலின் கதை வேறு. 1663 முதல் 1795 வரை கொச்சியை ஆண்ட டச்சுக்காரர்களின் மது, சதுர வடிவக் கண்ணாடிப் பாட்டில்களில் வந்தது. மரப்பெட்டியில் இடம் வீணாகாமல் அடுக்குவதற்காக அந்தச் சதுரம். அன்றைக்கு ஒவ்வொரு பாட்டிலும் ஒரு மனிதன் மூச்சைப் பிடித்து ஊதிச் செய்தது. 1903இல் அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் தானியங்கிப் பாட்டில் இயந்திரத்தைக் கொண்டுவரும் வரை உலகெங்கும் பெரும்பாலும் இதே நிலைதான். ஆகவே காலி பாட்டிலுக்கு விலை உண்டு. சாராயம் தீர்ந்தால் எண்ணெய், எண்ணெய்க்குப் பின் தேன், தேனுக்குப் பின் கஷாயம். 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய கோலி சோடா பாட்டில், பிறந்த நாட்டில் வழக்கொழிந்த பிறகும் நம் பெட்டிக்கடைகளில் நூறு ஆண்டுக்கு மேல் உயிரோடு இருந்ததற்கும் இதுதான் காரணம். திருப்பிக் கொடுத்து மறுபடி நிரப்பும் பாட்டில் அது.

மட்டாஞ்சேரியின் தொங்கும் குப்பிக்கு நேரான மூதாதை யார் என்று கேட்டால், யூதக் கோயில் விளக்கைவிட நெருங்கிய உறவு ஒன்று உண்டு. கழுத்தில் கயிறு கட்டிய எண்ணெய்ப் பாட்டில்.

கேரளத்திலும் தமிழகத்திலும் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு அதை விவரிக்கத் தேவையில்லை. நீள்கழுத்துப் பாட்டில் ஒன்று. உதட்டுக்குக் கீழே கண்ணாடி சற்றுத் தடித்திருக்கும் இடத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி, மேலே ஒரு வளையம் விட்டிருப்பார்கள். மூடிக்குப் பதில் காகிதச் சுருள், இல்லாவிட்டால் வாழைச்சருகு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை அந்த வளையத்தை இரண்டு விரலில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போய், ஒரு பாட்டிலில் தேங்காய் எண்ணெயும் இன்னொன்றில் மண்ணெண்ணெயும் வாங்கி வரும். பாட்டில் மாறிவிடக் கூடாது என்பதற்காக மண்ணெண்ணெய்ப் பாட்டிலின் கயிறு வேறு நிறத்தில் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அது சுவரிலுள்ள ஆணியில் தொங்கும். தரையில் வைத்தால் கால் பட்டு உடையும், குழந்தை கை வைக்கும்.

1942இல் பர்மா ஜப்பானியரிடம் விழுந்ததும் கொச்சி, திருவிதாங்கூர் சமஸ்தானங்களுக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. பங்கீட்டு முறை வந்தது. அதற்குப் பின் பல பத்தாண்டுகள் ரேஷன் வரிசையும் கயிறு கட்டிய பாட்டிலும் பிரியாமலே இருந்தன. இன்று காபிக்கடை விட்டத்தில் பூச்சாடியாகத் தொங்கும் பாட்டிலை இறக்கிக் கழுத்தைப் பாருங்கள். அதே இடம், அதே இரண்டு சுற்று, அதே முடிச்சு. இந்தக் கலையைக் கற்றுத் தந்தவர்கள் ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள்தான். அவர்களுக்கு அது கலையென்று யாரும் சொல்லவில்லை.

இலங்கைத் தமிழர் இதை இன்னொரு விதத்தில் அறிவார்கள். அங்கே குப்பி விளக்கு என்பது காலிப் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட ஏழை வீட்டு விளக்கு. சாய்ந்தால் தீ. தீக்காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்து நொந்துபோன அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையாகக் கனத்த அடியோடு உருளாமல் நிற்கும் மார்மைட் சீசாவைப் பார்த்து யோசனை பெற்று, திருகுமூடி போட்ட பாதுகாப்பான விளக்கை 1992இல் உருவாக்கினார். ‘சுதீபா’ என்று பெயர். பழைய கண்ணாடியை உருக்கிச் செய்ததால் விலை குறைவு. 1998இல் ரோலக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. ஒரு சிறு குப்பியின் வடிவம் உயிரைக் காக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

மட்டாஞ்சேரியின் சிறு குப்பிகளில் பாதிக்கு அத்தரின் வாசம் உண்டு. கச்சி மேமன்களும் குஜராத்திகளும் கொங்கணிகளும் தமிழர்களும் அடுத்தடுத்த தெருவில் வாழும் ஊர் இது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அத்தர், கல்யாணத்துக்குப் பன்னீர். ஒரு தோலா என்றால் கிட்டத்தட்ட 11.7 கிராம், அதில் கால், அரை என்று சின்னக் குப்பிகளில் அத்தர் விற்பனை நடக்கிறது. யூதத் தெருவில் எலுமிச்சைப்புல் எண்ணெயும் சந்தன எண்ணெயும் விற்கும் கடைகள் இன்றும் இருக்கின்றன. எலுமிச்சைப்புல் எண்ணெய்க்கு உலகச் சந்தையில் ‘கொச்சி எண்ணெய்’ என்றே ஒரு பெயர் இருந்தது.

பிறகு தெரு காலியானது. 1920இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற துறைமுகப் பொறியாளர் காயலைத் தூர்வாரி வில்லிங்டன் தீவை எழுப்பினார். 1928இல் முதல் கப்பல் உள் துறைமுகத்துக்குள் வந்தது. சரக்கு மெல்ல மெல்ல மட்டாஞ்சேரிக் கரையை விட்டு விலகியது. இஸ்ரேல் உருவான பிறகு 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் புறப்பட்டுப் போனார்கள். பூட்டிய வீடுகளிலிருந்தும், 1975இல் கேரளம் கூட்டுக் குடும்பச் சொத்துமுறையைச் சட்டத்தால் ஒழித்தபின் பாகம் பிரிந்த தறவாடு என்னும் பூர்விக வீடுகளிலிருந்தும் தூண்களும் பரணிகளும் விளக்குகளும் யூதத் தெருவுக்கு வந்து குவிந்தன. மிளகுக் கிடங்குகள் பழம்பொருள் கடைகளாயின. கதவோடும் கட்டிலோடும் சேர்ந்து, மூட்டை மூட்டையாகப் பழைய சீசாக்களும் வந்தன. தெருவின் கடைசி யூதர்களில் ஒருவராக, தையல் கடை வாசலில் உட்கார்ந்திருந்த சாரா கோஹன் 2019இல் தம் 96ஆம் வயதில் காலமானார்.

பழம்பொருள் கடைக்குப் போகும் தகுதியில்லாத பாட்டில்கள் ஆக்ரிக் கடைக்குப் போகும். நாம் காயலான் கடை என்பதைக் கேரளத்தில் ஆக்ரிக் கடை என்கிறார்கள். சைக்கிளிலும் தள்ளுவண்டியிலும் தெருத்தெருவாகப் போய்ப் பழைய சாமான் எடுப்பவர்களில் நம் ஊர்க்காரர்கள் நிறைய. ‘தமிழன்’ என்ற சொல்லையும் ‘ஆக்ரி’ என்ற சொல்லையும் சேர்த்தே சொல்லிப் பழகிய வீடுகள் கேரளத்தில் இருக்கின்றன. அதில் இருக்கும் இளக்காரம் தமிழ் வாசகருக்கு வலிக்கும், வலிக்க வேண்டியதுதான். பிரித்தெடுக்கும் அந்தக் கைகள் இல்லையென்றால் கொச்சியின் எந்தக் கண்ணாடிக்கும் மறுபிறவி இல்லை.

பாட்டில் உடையாமல் இருந்தால் கழுவி மறுபடி விற்கலாம். உடைந்தால் உலைக்குத்தான் போக வேண்டும். உலை எங்கே? ஆலப்புழை அருகே பாதிரப்பள்ளியில் எக்செல் கிளாஸஸ் என்ற பெரிய தொழிற்சாலை பாட்டில் செய்துகொண்டிருந்தது. 2012இல் அது மூடப்பட்டது. அதன்பின் மட்டாஞ்சேரியின் குப்பிச்சில்லுகளுக்கு மாநில எல்லையைத் தாண்டிய பயணம். கண்ணாடி உருக 1,500 டிகிரி வெப்பம் வேண்டும். கலவையில் ஒவ்வொரு 10 சதவீதம் பழைய சில்லு சேர்க்கும்போதும் எரிபொருள் 2.5 முதல் 3 சதவீதம் மிச்சமாகும். எத்தனை முறை உருக்கினாலும் கண்ணாடி தரம் குறையாது. ஃபிரோசாபாத்தின் வளையல் உலைகள் பழைய சில்லில்தான் வளர்ந்தன. குப்பியை உருக்கிச் செய்த வளையல் குப்பிவளை! அந்த மலையாளச் சொல் தொழில்நுட்பத்தையே சொல்வதுபோல் இருக்கிறது.

உடையாத சிறு குப்பிகளுக்கு ஆக்ரிக் கடையிலும் மதிப்பில்லை. எடை குறைவு, ஒரே அளவில் கிடைக்காது, கழுவும் கூலிக்குக் கட்டாது. கைவினை அந்த இடத்தில்தான் நுழைந்தது. 2012 டிசம்பர் 12 அன்று கொச்சி முசிறிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சி தொடங்கியது. 1867இல் ஜான் ஆஸ்பின்வால் நிறுவிய வணிக நிறுவனத்தின் கிடங்குகள் ஓவியக் கூடங்களாயின. அடுத்தடுத்துக் காபிக்கடைகளும் தங்கும் விடுதிகளும் வந்தன. அவற்றின் ஜன்னல்களில் குப்பிகள் தொங்கத் தொடங்கின. தெற்கே கொல்லம் மாவட்டத்து மன்றோ துருத்தைச் சேர்ந்த அபர்ணா என்ற இளம்பெண், அஷ்டமுடிக் காயல் கரையில் வீசிக் கிடந்த பாட்டில்களைப் பொறுக்கிச் சித்திரம் தீட்டி விற்றார். தொழிலுக்கு அவர் வைத்த பெயரும் ‘குப்பி’தான்.

செய்முறையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் பொறுமைதான் முக்கால் வேலை. வெந்நீரில் சோடா உப்புப் போட்டுக் குப்பியை ஓரிரவு ஊறவைக்க வேண்டும். காகிதம் உரிந்துவிடும், பசை போகாது. பசையின் மேல் தேங்காய் எண்ணெய் தடவிச் சற்றுநேரம் விட்டு, சாம்பலால் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வரும். உள்ளே தூரிகை நுழையாத கழுத்தென்றால் ஒரு பிடி அரிசியும் தண்ணீரும் போட்டுக் குலுக்குவார்கள். அரிசியின் முனை மூலைகளைச் சுரண்டிவிடும். பிறகு கயிறு. நார்க் கயிறு ஈரத்தில் இறுகும், அதனால் குப்பி நழுவாது. பருத்தி நூல் அழகாக இருக்கும், கொச்சி மழையில் பூசணம் பிடிக்கும். கனமான குப்பிக்குக் கழுத்து முடிச்சை மட்டும் நம்பக் கூடாது. அடியில் குறுக்கே இரண்டு இழை கொடுத்து உறிபோலத் தாங்கல் கட்ட வேண்டும். கொடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கணு தண்ணீரில் மூழ்கும்படி வைத்தால் பத்து நாளில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும்.

மணி பிளான்டுக்கும் ஒரு கடல் பயணம் உண்டு. பசிபிக் பெருங்கடலில் உள்ள மோரெயா என்ற சிறு தீவு அதன் தாயகம். நம் வீட்டுச் செடி என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

தண்ணீர் தேங்கும் எதுவும் மட்டாஞ்சேரியில் கவலைக்குரியது. டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரமோ பத்து நாளோ போதும். கேரளச் சுகாதாரத் துறை வீடுகளில் தேங்கிய நீரை அகற்ற ஞாயிற்றுக்கிழமையை ‘டிரை டே’ என்று வைத்திருக்கிறது. தொங்கும் குப்பிகளின் தண்ணீரையும் அன்றே மாற்றிவிட்டால் செடிக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது. அழகுக்காகத் தொங்கவிட்டுவிட்டு மறந்துபோவது பெரிய தவறு.

குப்பிப் பூச்சாடிகள் கொச்சியின் குப்பையைத் தீர்த்துவிடும் என்று சொல்வது மிகை. 2023 மார்ச் 2ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைமேடு தீப்பற்றி, பத்து நாளுக்கு மேல் நகரத்தைப் புகையில் மூடியது. அதற்குப் பின்தான் வீடு வீடாகப் பிரித்து வாங்கும் வேலை வேகம் பிடித்தது. ஹரித கர்ம சேனையின் பெண்கள் பிளாஸ்டிக்கை மாதாமாதமும், கண்ணாடியை அதற்கென்று ஒதுக்கிய மாதத்திலும் வாங்கிப் போகிறார்கள். அவர்களுக்கு முன்னால் பல பத்தாண்டுகளாக அதே வேலையைச் செய்தவர் ஆக்ரிக்காரர். ஜன்னலில் ஆடும் பத்துக் குப்பிகளுக்குப் பின்னால் பத்தாயிரம் குப்பிகளைச் சுமந்தவர்கள் இவர்கள்தான். கைவினைக் கண்காட்சிகளில் செய்தவர் பெயர் எழுதிய அட்டை இருக்கிறது. எடுத்து வந்தவர் பெயரும் அதில் இடம்பெறுவது நியாயம்.

அது நடக்கும் வரை நம்மால் முடிந்த ஒன்று உண்டு. வீட்டில் பாட்டில் உடைந்தால் சில்லுகளைப் பழைய செய்தித்தாளில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, மேலே ‘கண்ணாடி’ என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். அதைப் பிரிக்கிறவர்களில் பலர் இன்னும் வெறும் கையால்தான் பிரிக்கிறார்கள்.